3.9 எப்போது பூஜ்யமாகிறது?

அமெரிக்கக் குடிநீர் வாரியங்கள் தங்கள் தண்ணீரில் பிஃபாஸ் வேதிப்பொருள்கள் எவ்வளவு உள்ளன என்ற முதற்கட்டச் சோதனையை 2027 ஏப்ரல் 26-க்குள் முடித்தாக வேண்டும். அங்கிருந்து எழுதும் வாசகர்கள் பலரும் கேட்பது ஒன்றுதான்: ஊர்த் தண்ணீர் வரம்புக்குள் இருக்கிறதென்றால் அதில் பிஃபாஸ் இல்லையா? அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. 2024 ஏப்ரலில் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, பிஃபாஸ் வகையைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம் என வரம்பு வைத்தது. ஒரே ஒரு மாதிரியை வைத்து மீறல் என்று முடிவு கட்டுவதில்லை. கடைசி நான்கு காலாண்டுகளின் சராசரியைப் பார்க்கிறார்கள். அதுவரை நியாயம்தான். ஆனால், 4-க்குக் கீழே வரும் எந்த முடிவையும் சராசரி போடும்போது பூஜ்யமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது விதி. மூன்று காலாண்டுகளில் 3.9, நான்காவதில் 15 வந்ததாக வைத்துக்கொள்வோம். உள்ளபடி கூட்டி வகுத்தால் சுமார் 6.7. விதிப்படி மூன்று பூஜ்யமும் ஒரு 15-உம் சேர்ந்து 3.75. ஊர் தேறிவிடுகிறது.

நான்குக்குக் கீழே எல்லா ஆய்வகங்களும் ஒரே சீராக, துல்லியமாக அளக்க முடியாது என்பது முகமையின் வாதம். நிச்சயமில்லாத எண்ணை நம்பி ஓர் ஊரைப் பெருஞ்செலவில் சுத்திகரிப்பு நிலையம் கட்டச் சொல்வது தவறு என்பதும் சரியே. இவ்வளவு நுண்ணிய அளவில், மாதிரி எடுப்பவரின் தண்ணீர் ஒட்டாத மேலங்கியிலிருந்துகூட பிஃபாஸ் மாதிரியில் கலந்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் அதே இடத்தில் தூய நீரையும் ஒரு குப்பியில் ஊற்றிச் சேர்த்து அனுப்புகிறார்கள். ஆனாலும் துல்லியம் குறைந்த எண் பூஜ்யமாகிவிடாது. 3.9 என்று வந்தது உண்மையில் 3-ஆகவோ 5-ஆகவோ இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல் இருப்பது அரிது. இன்னொன்று: முடிவுகள் 2-க்குக் கீழே இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் போதும் என்று இதே விதி சலுகை தருகிறது. சோதனையைக் குறைப்பதற்கு 2-ஐ நம்பலாம், மீறலைக் கணக்கிட 3.9-ஐ நம்பக் கூடாது என்பதை என்னால் ஒப்ப முடியவில்லை. இவ்விரண்டு பொருள்களுக்கும் உடல்நல இலக்கு பூஜ்யம் என்று வகுத்ததும் இதே முகமைதான். தண்டனைக்கான கணக்கு இப்படியே இருக்கட்டும். உள்ளபடியான சராசரியையும் பக்கத்திலேயே அச்சிடச் சொல்வதில் யாருக்கும் நட்டமில்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. வரம்பைக் கடைப்பிடிக்கக் கெடு 2029. அதை 2031-க்குத் தள்ளப்போவதாக முகமை 2025 மே மாதம் அறிவித்தது. வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றில் 2017-இல் அம்பலமான ஜென்எக்ஸ் என்ற இன்னொரு பிஃபாஸுக்கு வைத்த வரம்பைக் கைவிடும் எண்ணமும் அதே அறிவிப்பில் இருந்தது. கொதிக்க வைத்தால் பிஃபாஸ் போகாது. ஆர்ஓ வடிகட்டி குறைக்கும். சொந்தக் கிணறு இந்த விதிக்குள் வராது. வாரியத்தின் அறிக்கையில் சராசரி மட்டும் இருந்தால், ஒவ்வொரு காலாண்டின் ஆய்வக முடிவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.