ஒரே ஆட்டம், ஊருக்கு ஒரு மைதானம்: பேஸ்பால் ரசிகர்கள் தேடிப் போகும் 4 ஸ்டேடியங்கள்

ஆன்சைட் வேலை, மேற்படிப்பு, அக்கா வீடு என ஏதோ ஒரு காரணத்துக்காக அமெரிக்கா போகிறீர்கள். லிஸ்ட்டில் நயாகரா இருக்கும், கிராண்ட் கேன்யன் இருக்கும். ‘ஒரு பேஸ்பால் மேட்ச் பார்த்துட்டு வாங்களேன்’ என்று யாராவது சொன்னால், ‘ரூல்ஸே தெரியாதே’ என்று நழுவிவிடுவோம். ஆனால், ரூல்ஸ் தெரியாதவர்களுக்கும் பிடித்துப்போகிற ஒன்று அங்கே இருக்கிறது. அதுதான் ஸ்டேடியம்.

மைதானத்தில் அப்படி என்ன இருக்கு?

கிரிக்கெட்டில் பிட்ச் எங்கேயும் 22 கெஜம்தான். பவுண்டரி தூரம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். பேஸ்பாலிலும் அதே கதைதான், இன்னும் கொஞ்சம் அதிகமாக. பேஸ்களுக்கு இடையே 90 அடி. பந்து வீசுபவரிடமிருந்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். இவை மாறாது. அதற்கு வெளியே மைதானம் எவ்வளவு தூரம் விரியும், சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம் என்பது இடத்துக்கு இடம் வேறு.

சுவரைத் தாண்டிப் பறந்தால் ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி. ஆக, ஓர் ஊரில் ஹோம் ரன் ஆகும் அடி, இன்னோர் ஊரில் சுவரில் மோதித் திரும்பும். சில ஸ்டேடியங்களில் இதைத் தீர்மானிப்பது பக்கத்துத் தெருவும் தண்ணீரும்தான். அப்படி ஊரோடு ஒட்டி நிற்கும் நான்கு இடங்கள் இங்கே.

1. ஃபென்வே பார்க், பாஸ்டன்

1912இல் திறக்கப்பட்டது. மேஜர் லீக்கில் இன்றும் ஆட்டம் நடக்கும் ஸ்டேடியங்களில் மிகப் பழையது. இடது பக்கச் சுவரை ஒட்டியே லேன்ஸ்டவுன் தெரு. மைதானத்தை நீட்ட இடமில்லை. சுவரைத்தான் உயர்த்த முடிந்தது. 310 அடி தூரத்தில் 37 அடி உயரத்துக்கு நிற்கும் அந்தப் பச்சைச் சுவரின் பெயர் ‘கிரீன் மான்ஸ்டர்’. அதிலுள்ள ஸ்கோர்போர்டில் எண்களை இன்றும் ஆட்கள் கையால்தான் மாற்றுகிறார்கள்.

வலது பக்கம், பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பாக இருக்கும். 1946இல் டெட் வில்லியம்ஸ் அடித்த 502 அடி ஹோம் ரன்னின் அடையாளம் அது. மேட்ச் டிக்கெட் கிடைக்கலையா? வழிகாட்டியோடு சுற்றிப் பார்க்கும் டூர் உண்டு.

2. ரிக்லி ஃபீல்டு, சிகாகோ

1914இல் கட்டியது. குடியிருப்புப் பகுதிக்கு நடுவே இருக்கிறது. எதிர்வீட்டு மொட்டைமாடிகளில் கேலரி போட்டு டிக்கெட் விற்கிறார்கள். வெளிச்சுவர் முழுக்க 1937இல் நட்ட கொடி படர்ந்திருக்கும். பந்து அதில் சிக்கிக்கொண்டால், அடித்தவருக்கு இரண்டு பேஸ். ஏப்ரலில் போனால் வெறும் குச்சிகள்தான் தெரியும். கொடி பச்சையாக இருக்கும் கோடையே சரியான நேரம். இங்கே இரவு ஆட்டத்துக்கு விளக்கு வந்ததே 1988இல்தான். பகல் ஆட்டம் கிடைத்தால் விடாதீர்கள். ரெட் லைன் ரயிலில் அடிசன் ஸ்டேஷனில் இறங்கினால், பக்கத்திலேயே ஸ்டேடியம்.

3. ஆரக்கிள் பார்க், சான் பிரான்சிஸ்கோ

2000இல் வந்தது. வலது பக்கச் சுவருக்குப் பின்னால் கடல். பந்து பறந்துவந்து தண்ணீரில் விழாதா என்று சிலர் சின்னப் படகுகளில் காத்திருப்பார்கள். கரையோர நடைபாதையில் நின்று, சுவரிலுள்ள வளைவுகள் வழியாக டிக்கெட் எடுக்காமலே ஆட்டம் பார்க்கலாம். கோடையிலும் குளிர்காற்று அடிக்கும், ஜாக்கெட் அவசியம்.

4. பிஎன்சி பார்க், பிட்ஸ்பர்க்

2001இல் திறக்கப்பட்ட இந்த ஸ்டேடியம் அலகெனி ஆற்றங்கரையில் இருக்கிறது. மேட்ச் நாளில் ராபர்ட்டோ கிளெமென்டே பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ரசிகர்கள் நகரத்திலிருந்து ஆற்றைக் கடந்து நடந்தே வரலாம்.

கிளெமென்டே இந்த ஊர் அணியின் நட்சத்திரம். 1972 டிசம்பர் 31 அன்று, நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசென்ற விமானம் விழுந்து இறந்துபோனார். வலது பக்கச் சுவரின் உயரம் 21 அடி. அவரது ஜெர்சி எண்ணும் 21. மூன்றாம் பேஸ் பக்கம் சீட் எடுத்தால் ஆறு, பாலம், நகரம் எல்லாம் ஒரே ஃபிரேமில் கிடைக்கும்.

கிளம்பும் முன்...

சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை. ஒவ்வோர் அணிக்கும் சொந்த ஊரில் 81 ஆட்டங்கள் என்பதால் வார நாட்களில் பெரும்பாலும் டிக்கெட் கிடைத்துவிடும். 2023இல் பந்துவீச நேரக்கட்டுப்பாடு வந்தபிறகு, பெரும்பாலான ஆட்டங்கள் மூன்று மணி நேரத்துக்குள் முடிகின்றன. பை கொண்டுபோகும் விதி இடத்துக்கு இடம் மாறும். ஸ்டேடியத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். ஏழாவது இன்னிங்ஸ் நடுவே எல்லோரும் எழுந்து பாடுவார்கள். நீங்களும் எழுந்து நில்லுங்கள், பாட்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

‘அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஃபென்வேயை விட்டுவிட்டு பக்கத்திலேயே புதிதாகக் கட்ட 1999இல் திட்டம் போட்டார்கள். ரசிகர்கள் எதிர்த்தார்கள், 2002இல் வந்த புதிய உரிமையாளர்கள் பழையதையே புதுப்பித்தார்கள். எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஓக்லாந்தில் 57 சீசன் ஆடிய அத்லெட்டிக்ஸ் அணி, 2024 செப்டம்பர் 26 அன்று கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு ஊரைவிட்டே கிளம்பியது. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இருந்தவர்களுக்கு, பார்க்க அங்கே மேட்ச் இல்லை.