மணப்பாட்டில் நான்கு நாள், மூன்று நாவல்

மணப்பாட்டுக் குன்றின் மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்க இரண்டு கல் வேண்டும். இடப்பக்கத் தாளுக்கு ஒன்று, வலப்பக்கத் தாளுக்கு ஒன்று. திருச்சிலுவை ஆலயத்தை ஒட்டிய பாறையில் மாலை நான்கு மணிக்குப் போய் உட்கார்ந்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் இறங்கிவிடும். காற்று மட்டும் விடாது. முதல் நாள் கல் இல்லாமல் போய், பத்துப் பக்கம் படிப்பதற்குள் கை வலித்துவிட்டது. மறுநாள் கல்லோடு போனேன்.

எனக்கும் மனைவிக்கும் ஆண்டுக்கு ஒருமுறைதான் இப்படி நான்கு நாள் வாய்க்கிறது. அதைக் கடற்கரையில் கழிக்க வேண்டும், அந்தக் கரையைப் பற்றி எழுதப்பட்டதையே படிக்க வேண்டும் என்று இந்த முறை முடிவு செய்தோம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ வீட்டு அலமாரியில் இருந்தது. ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ பயணத்துக்காகவே புதிதாக வாங்கியது. மூன்றாவது புத்தகம் எதிர்பாராமல் கிடைத்தது. தூத்துக்குடியில் ரயிலை விட்டு இறங்கிச் சாப்பிடப் போன தெருவில் ஒரு பழைய புத்தகக் கடை. பாடநூல் அடுக்குக்குக் கீழே ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ அட்டை கிழிந்து கிடந்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகளைப் பற்றிய நாவல், தூத்துக்குடியிலேயே கைக்கு வந்தது. மனைவி அதைத் தன் பையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

திருச்செந்தூர் பேருந்து முள்ளக்காட்டைத் தாண்டும்போது வெள்ளை வெள்ளையாக உப்பு அம்பாரங்கள். ஆத்தூர்ப் பக்கம் தாமிரபரணியைக் கடந்தோம். அந்த ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். தமிழ்ப் புத்தகம் படிக்கிற எவரும் அந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். போர்ச்சுகல்லிலிருந்து வந்த அண்டிரிக் அடிகளார் வாழ்ந்து, 1600-இல் கண்மூடிய ஊர் அது. அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாகி வெளிவந்தது. வெறும் பதினாறு பக்கம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது. இந்திய மொழி எழுத்து எதிலும் அதற்கு முன் புத்தகம் அச்சானதில்லை. 1586-இல் ‘அடியார் வரலாறு’ வந்தது. அது அறுநூறு பக்கத்துக்கும் மேல்.

அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? அரசர்கள் இல்லை, புலவர்களைப் புரந்த வள்ளல்களும் இல்லை. இந்த முத்துக்குளித்துறைப் பரதவர்கள். மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்ச் சிப்பி எடுத்தவர்கள் சேர்த்த காசில்தான் தமிழ் எழுத்து முதன்முதலாக அச்சேறியது. நம் பாடப்புத்தகங்கள் இதை அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அந்த நூல்களை 1950-களில் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தனிநாயக அடிகள். இன்று ‘தம்பிரான் வணக்கம்’ அசல் பிரதியைப் பார்க்க ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்துக்குப் போக வேண்டும். ‘அடியார் வரலாறு’ வத்திக்கானில் இருக்கிறது.

மணப்பாட்டில் முதலில் படித்தது ‘கடல்புரத்தில்’. 1977-இல் வந்த சின்ன நாவல், கதை நடப்பது இதே மணப்பாட்டில். லாஞ்சுகள் வந்து வள்ளக்காரர்களின் பாடு குறைகிற காலம். பிள்ளை செபஸ்தி வாத்தியார் வேலைக்குப் போய்விட்டான், வள்ளத்தையும் வீட்டையும் விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொல்கிறான். குரூஸ் மிக்கேலுக்கு மனம் வரவில்லை. மகள் பிலோமியின் காதலும் கைகூடவில்லை. மூன்றாவது முறையாகப் படிக்கிறேன். வண்ணநிலவன் யாரையும் வெறுக்காமல் எழுதுகிறவர், கத்தியெடுத்தவனுக்கும் அவர் எழுத்தில் ஈரம் உண்டு. ஆனால் அந்த மணலிலேயே உட்கார்ந்து படித்தபோது இதுவரை படாத ஒன்று பட்டது. நாவல் முழுவதும் நாம் கரையில்தான் நிற்கிறோம். வள்ளம் போகிறது, வருகிறது. காத்திருப்பவர்களின் முகத்தைத்தான் பார்க்கிறோம்.

‘ஆழி சூழ் உலகு’ நம்மைப் பிடித்துத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறது. கடலில் சிக்கிய மூன்று பேர் அலைமேல் மிதக்கிறார்கள். அவர்கள் உயிருக்குப் போராடுவதற்கு இடையிடையே ஆமந்துறை என்ற ஊரின் அரை நூற்றாண்டு விரிகிறது. எழுதியவர் உவரியில் பிறந்தவர். கரைக்காரரின் பேச்சை எங்கேயும் செப்பம் செய்யாமல் எழுதியிருக்கிறார். அதனால் முதல் ஐம்பது பக்கம் எனக்குக் கடினமாக இருந்தது.

‘நீவாடு’ என்ற சொல்லில் நின்றுவிட்டேன். குன்றுக்குக் கீழே வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். ஊசியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “கடலுக்குள்ள ஓடுற ஓட்டம், தம்பி. காத்த மட்டும் பாத்தா போதாது. நீவாடு எந்தப் பக்கம் இழுக்குன்னு பாக்கணும். காத்து நமக்குத் தெரியும், நீவாடு மரத்துக்குத்தான் தெரியும்.” மரம் என்றால் அவர்களுக்குக் கட்டுமரம்.

“இத எதுக்குக் கேக்கிய?” என்றார். புத்தகத்தைக் காட்டினேன். படிக்கச் சொன்னார். மூன்று பேரும் மிதக்கிற பகுதியில் இரண்டு பக்கம் உரக்கப் படித்தேன். வலையில் ஓடிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“எழுதுனது யாரு?”

“உவரிக்காரர், ஐயா.”

“அப்ப சரி” என்றார். சற்று நேரம் கழித்து, “மேல படிங்க” என்றார்.

மீதி இரண்டு மாலையும் பாறைக்குப் போகவில்லை, வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் புரியாத சொல்லுக்கு அவர் நிறுத்தி விளக்கம் சொன்னார். அவருடைய தகப்பனார் ஒருமுறை இரண்டு இரவு கடலில் கிடந்த கதையைச் சொன்னார். இந்தக் கரையின் பேச்சில் இப்படி ஒரு பெருநாவல் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. அது எனக்குப் பெரிய வருத்தம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகத்துக்குப் பணம் கொடுத்த கரை, தன் வாழ்க்கையைத் தன் பேச்சிலேயே சொல்லும் இந்த நாவலுக்காக 2004 வரை காத்திருந்தது. வந்த பிறகும் அது அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. அதே எழுத்தாளரின் ‘கொற்கை’ 2013-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதையும் அவர் கேள்விப்பட்டதில்லை.

மனைவி இதற்குள் ‘கரிப்பு மணிகள்’ முடித்திருந்தாள். ராஜம் கிருஷ்ணன் மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதியவர் அல்லர். அந்தந்த மக்களிடம் போய்ப் பழகி, பார்த்து எழுதியவர். திரும்பும் வழியில் முள்ளக்காடு வருவதற்கு முன்பே மனைவி ஜன்னலோர இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாத்திகளுக்கு நடுவே குனிந்து நின்ற பெண்கள் மறையும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

‘ஆழி சூழ் உலகு’ எங்கள் பையில் இல்லை. மிதந்த மூவரின் கதி தெரிவதற்குள் நாங்கள் கிளம்பும் நாள் வந்துவிட்டது. பெரியவருக்குக் கண் மங்கல். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தியிடம் புத்தகத்தைக் கொடுத்து, தாத்தாவுக்குத் தினம் ஐந்து பக்கம் படித்துக்காட்டச் சொன்னேன். சரி என்றாள்.

விடுமுறைக்குக் கடற்கரை போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மணப்பாடோ, தேங்காய்ப்பட்டணமோ, எந்த ஊரானாலும் அந்தக் கரையைப் பற்றிய நாவல் ஒன்றை எடுத்துப் போங்கள். அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். திரும்பும்போது அதை அந்த ஊர்ப் பிள்ளை ஒன்றின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.