முடிந்த நாவலைத் தொடரலாமா?

நல்ல நாவல் ஒன்றைப் படித்து முடித்தவனுடைய நிலை, தேர்த்திருவிழாவுக்கு மறுநாள் காலையில் கோயில் வீதியில் நிற்பவனுடைய நிலையை ஒக்கும். பந்தல் இருக்கிறது, வாழையும் தோரணமும் இருக்கின்றன, கூட்டத்தை மட்டும் காணோம். நேற்றுவரை நம்மோடு உறவாடிய கதைமாந்தர் இன்று நம்மை விட்டுப் போய்விட்டனர். "அப்பால் என்ன ஆயிற்று?" என்று நெஞ்சம் கேட்கிறது. இவ்வினாவே உலகில் தொடர்ச்சி நூல்கள் பலவற்றைத் தோற்றுவித்தது. அவற்றுள் வேண்டுவன எவை, வேண்டாதன எவை என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022, 2023ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் திரைப்படமாக வந்த பின்னர், மூலநூலின் ஐந்து பாகங்களையும் தேடிப் படிக்கும் மாணவர் கண்டியிலும் பெருகினர். சென்ற தவணை விடுமுறையில் ஒருநாள் மாலை, வாவிக்கரைக்கு அண்மையிலுள்ள நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஆசிரியர் சிலரும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் கூடினோம். தாம் அண்மையில் முடித்த நாவல்களைப் பற்றி ஒவ்வொருவரும் கருத்துரைத்தனர். பேச்சு விரைவிலேயே பொன்னியின் செல்வனில் வந்து நின்றது.

"இத்துணை நீண்ட கதையைப் படித்தும் முடிவு முடிவாக இல்லையே, ஐயா! அடுத்த பாகம் இருந்திருக்க வேண்டும்" என்றான் ஒரு மாணவன். "விட்டதை விட்ட இடத்திலேயே வைப்பதுதான் அழகு. தொடர்ச்சி என்பது ஆறிய கஞ்சி" என்றார் முதிய ஆசிரியர் ஒருவர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் முழு உண்மை ஆகா.

தமிழர்க்குத் தொடர்ச்சி நூல் புதிதன்று. சிலப்பதிகாரத்தை அடுத்து மணிமேகலை பிறந்தது. கோவலனும் கண்ணகியும் மறைந்த பின்னர் மாதவியின் மகள் என்ன ஆனாள் என்பதே அதன் பொருள். ஆயின், சாத்தனார் சிலம்பின் சுவையை மீண்டும் ஒருமுறை ஊட்ட முயன்றாரல்லர். சிலம்பு அரசன் வழங்கிய நீதியைப் பற்றிக் கேட்டது. மணிமேகலை பசியைப் பற்றியும் பிறவியைப் பற்றியும் கேட்டது. கணிகையர் குலத்துப் பெண்ணுக்குக் குலத்தொழிலன்றி வேறு வாழ்வு உண்டா என்னும் வினாவைச் சிலம்பு தொடாமல் விட்டது. அதனைச் சாத்தனார் கையில் எடுத்தார். மணிபல்லவத்தையும், ஈழத்தின் சமனொளி மலையையும் தன்னுள் கொண்ட அக்காப்பியம் மலைநாட்டவராகிய நமக்குப் பின்னும் நெருங்கியது. இரட்டைக் காப்பியம் என்று அவ்விரண்டையும் இணைத்துச் சொல்கிறோம். ஒன்றை மற்றொன்றின் வால் என்று எவரும் சொல்வதில்லை.

இதற்கு மறுதலையாக நிற்பது கம்பரின் முடிவு. இராமன் முடிசூடிய மங்கலத்தோடு அவர் காப்பியத்தை நிறைவு செய்தார். சீதை காட்டுக்குச் செல்லும் துயரத்தைப் பாடும் உத்தரகாண்டம் தமிழில் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்குகிறது. கம்பர் நிறுத்திய இடத்தைப் போற்றுவோர் பலர். யானும் அவருள் ஒருவன். ஆயினும் சீதையின் பொருட்டு எழும் வினாவைக் கம்பரின் மௌனம் அடக்கிவிடவில்லை. இருபதாம் நூற்றாண்டில் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' என்னும் சிறுகதையில் அகலிகையின் பிற்காலத்தை எழுதினார். சீதை தீக்குளிக்க நேர்ந்த செய்தியைக் கேட்டு அகலிகை மீண்டும் கல்லாகிறாள். சில பக்கங்களே உள்ள அத்தொடர்ச்சி, பெருநூல்கள் பல கேளாத வினாவைக் கேட்டுவிட்டது.

பிறநாட்டுச் சான்றும் ஒன்று காட்டலாம். செர்வாண்டிஸின் 'டான் குவிக்சோட்' 1605ஆம் ஆண்டில் வெளிவந்து புகழ்பெற்றது. அப்புகழைப் பயன்படுத்திக்கொள்ள விரும்பிய வேறொருவர் 1614இல் புனைபெயரில் போலித் தொடர்ச்சி ஒன்றை வெளியிட்டார். மறு ஆண்டே செர்வாண்டிஸ் தம் இரண்டாம் பாகத்தை வெளியிட்டுத் தம் வீரனை மீட்டுக்கொண்டார். போலியை இன்று ஆராய்ச்சியாளரே நாடுவர்; மெய்யானதை உலகமே படிக்கிறது.

அன்றைய கூட்டத்தில் இருந்த சிங்கள இலக்கிய ஆசிரியர் ஒருவர், மார்ட்டின் விக்கிரமசிங்கவை நினைவூட்டினார். அவருடைய 'கம்பெரலிய' 1944இலும் 'யுகாந்தய' 1949இலும் வெளிவந்தன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைக் கூறும் 'கலியுகய' 1957இலேதான் வந்தது. கிராமத்தில் தளர்ந்த பழங்குடியின் கதைக்கும் நகரத்து முதலாளியின் கதைக்கும் இடையே ஒரு படி விடுபட்டிருப்பதைப் பின்னர் கண்டு, அதனை அவர் கட்டினார். கல்கியும் இவ்வாறே 'பார்த்திபன் கனவை' முன்னர் எழுதிவிட்டு, அக்கதைக்கு ஒரு தலைமுறை முற்பட்ட 'சிவகாமியின் சபதத்தைப்' பின்னர் எழுதினார். பின்வந்த நூலே பெருநூலாயிற்று.

இனிப் பொன்னியின் செல்வனுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை அது கல்கி இதழில் தொடர்கதையாக வந்தது. முடிவு நிறைவளிக்கவில்லை என்று வாசகர் பலர் எழுதினர். அதற்குக் கல்கி முடிவுரையில் அமைதி கூறினார். சமூகக் கதையை மணவிழாவோடு முடித்துவிடலாம். சரித்திரக் கதையில் வருவோரின் வாழ்வு நூலின் கடைசி ஏட்டுக்கு அப்பாலும் நடந்துகொண்டிருக்கும் என்பது அதன் கருத்து. பின்வரும் எழுத்தாளர்க்கும் அவர் வாயிலைத் திறந்தே வைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அக்கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் 'உடையார்' நாவலில் பெரியகோயில் எழுப்பிய முதிய இராசராசனைக் காட்டினார்.

இவையெல்லாம் வந்த பின்னும், இலங்கைவாழ் வாசகனுக்கு ஒரு வினா எஞ்சியிருக்கிறது. அந்நாவலின் இரண்டாம் பாகம் நம் மண்ணில் நடப்பது. தம்புள்ளை கண்டியிலிருந்து மாத்தளை வழியாக இரண்டு மணி நேரப் பயணம். அநுராதபுரத்தில் இளவரசர் அருள்மொழிவர்மர் சிதைந்த விகாரைகளைச் செப்பனிடுவிக்கிறார். பிக்குகள் இலங்கையின் மணிமுடியை நீட்டும்போது வேண்டாவென்று மறுக்கிறார். படிப்போர் கண்கலங்கும் இடம் அது.

வரலாறோ வேறொன்று கூறுகிறது. அதே அருள்மொழி 985இல் இராசராசனாக அரசேறினான். 993ஆம் ஆண்டளவில் அவனுடைய படை ஈழத்தின்மேல் வந்தது. அநுராதபுரம் தலைநகராயிருந்த நெடுங்காலம் அத்துடன் முடிந்தது. பொலன்னறுவை ஜனநாதமங்கலம் என்னும் பெயர் பெற்றது. ஈழத்து ஊர்கள் சிலவற்றின் வருவாய் தஞ்சைக் கோயிலுக்கு விடப்பட்டது. அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், 1017இல், ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாடு கொண்டுபோகப்பட்டான். விகாரைகள் கொள்ளைபோன செய்தியைச் சூளவம்சம் உரைக்கிறது. மறுபுறம், நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை அளித்தவனும் இராசராசனே. திருகோணமலைக்கு அண்மையில் இராசராசப் பெரும்பள்ளி என அவன் பெயரால் வழங்கிய பௌத்தப் பள்ளியில் தமிழர் அளித்த கொடைகளுக்குக் கல்வெட்டுகள் உள்ளன. முடியை மறுத்த இளைஞன், நகரை வீழ்த்திய பேரரசன், பள்ளிக்கு ஊரளித்த புரவலன் ஆகிய மூவரும் ஒருவனே எனின், அவனுடைய நெஞ்சுக்குள் நிகழ்ந்தது யாது?

இவ்வினாவை யான் கண்டதாகக் கூறிக்கொள்ளுதல் பொய்யாகும். இருபது ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப்புறத்திலிருந்து வந்து என்னிடம் தமிழ் கற்ற மாணவி ஒருவர், கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். பொன்னியின் செல்வனுக்குத் தாமே எழுதிய தொடர்ச்சி என்றார். முதல் அத்தியாயத்தில், முதிய இராசராசன் தஞ்சையில் அமர்ந்து, அநுராதபுரத்தில் தன்னிடம் முடியை நீட்டிய பிக்குவின் முகத்தை நினைக்கிறான். நான்கு பக்கம் படித்தேன். அஞ்சினேன். நாடு போரால் காயப்பட்டிருந்த காலம் அது. எவர் மனமும் நோகக்கூடும் என்று எண்ணினேன். அதை வெளிப்படையாகச் சொல்லும் துணிவும் எனக்கில்லை. "கல்கி முடித்ததைத் தொடர நாம் யார், பிள்ளை?" என்று கூறிக் கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

கல்கியே திறந்து வைத்த வாயிலை, அவர் பெயரைச் சொல்லி யான் அடைத்தேன். இலக்கியத்தின்மேல் உள்ள மதிப்பு என்று அன்று எண்ணிக்கொண்டது, உண்மையில் அச்சமே.

ஆதலின் என் முடிபு இது. கதைமாந்தரைப் பிரிய மனமின்றி எழுதப்படும் தொடர்ச்சி வேண்டா. அதற்கு முதல் நூலையே மறுமுறை படித்தல் நன்று. முதல் நூலின் புகழை வாடகைக்கு எடுக்கும் தொடர்ச்சியும் வேண்டா. முன்னூல் கேட்க இயலாத வினாவொன்றைக் கேட்பதாயின், அத்தொடர்ச்சியை எழுதுவோர் எவராயினும் வரவேற்கத்தக்கவர். அவ்வினா நம்மவர் புகழைச் சற்றே குறைக்குமாயினும் கேட்கத்தக்கதே. இலங்கையின் இரு மொழியினரும் அருகருகே அமர்ந்து படிக்கக்கூடிய இராசராசன் கதை இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்த மாணவி இப்போது மாத்தளைப் பகுதியில் ஆசிரியையாக இருக்கிறார். சென்ற மாதம் அலுவலாகக் கண்டிக்கு வந்தவர் என்னைக் காண வந்தார். கொப்பியைப் பற்றிக் கேட்டேன்.

"வீடு மாறியபோது எங்கேயோ தவறிவிட்டது, ஐயா. கதை மட்டும் நினைவில் இருக்கிறது" என்றார்.

"அப்படியாயின் மீண்டும் எழுதும், பிள்ளை. இம்முறை முழுவதையும் படிக்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்தாரேயன்றி உறுதி ஒன்றும் கூறவில்லை. யான் காத்திருக்கிறேன்.