ஊசிக்கு ஏன் இத்தனை தயக்கம்?

ப்ளூ ஜுரத்திற்குத் தடுப்பூசி உண்டென்பதை நண்பர்கள் அறிவீர்கள். எனினும் நம் நாட்டில் அதைப் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் மிகச் சிலரே. தடுப்பூசி குழந்தைக்குரியது என்பது பொதுநினைப்பு; தேசியத் தடுப்பூசித் திட்டத்திலும் இது இல்லையாதலால், காசு கொடுத்தல்லவா போடவேண்டும்!

“ஊசி போட்டேன், ஜுரம் வந்தது” என்பார் ஒருவர். கேட்டவர் பத்துப்பேர் பின்வாங்குவர். செயலிழந்த கிருமியாலான ஊசி ப்ளூவை உண்டாக்காது. பாதுகாப்புப் பிறக்க இரண்டு வாரமாகும். இடையில் ஜலதோஷம் பிடித்தாலும் பழி ஊசிக்கே. வாராமற்போன நோயை யார் கண்டார்? வலித்த கைதான் தெரிகிறது.

அச்சம் முழுவதும் கற்பனையுமன்று. 1976-இல் அமெரிக்காவில் 4 கோடிப் பேருக்குப் பன்றிக்காய்ச்சல் ஊசி போட்டனர். எதிர்பார்த்த கொள்ளைநோய் வரவில்லை; ஏறக்குறைய இலட்சத்தில் ஒருவருக்குக் கில்லன்-பாரே நரம்புநோய் கண்டது. டிசம்பரில் நிறுத்திவிட்டனர். ஊசியை மறுப்போர் அங்கே இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகின்றனர்.