அறுவடைக்கு முன் செடியைக் கழுவுதலும் நீரின் தன்மையும்



வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பைகளில் மிளகாயும் கீரையும் வளர்க்கும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. தென்னை நார்த்தூள் நிரப்பிய கறுப்புப் பை, நீரில் கரையும் ஏ, பி உரங்கள், சொட்டுக்குழாய் ஆகியவற்றைக் கொண்டு இதையே தொழிலாக நடத்துவோரும் உளர். இவர்களிடையே அடிக்கடி எழும் குறை ஒன்று உண்டு. உரம் குறைவின்றிப் போடுகிறார்கள், தண்ணீரும் தவறாமல் ஊற்றுகிறார்கள். ஆயினும் தளிர் மஞ்சளாகிறது, இலை நுனி கருகுகிறது. உடனே மேலும் கொஞ்சம் உரம் போடுகிறார்கள். பணமும் போகிறது, செடியும் போகிறது. பல வேளைகளில் பையில் உரம் போதுமான அளவு இருக்கும். அதைச் செடி எடுக்க முடியாதபடி நீரின் தன்மை தடுத்துக்கொண்டிருக்கும்.

நீரின் தன்மை என்று நாம் இங்கே சொல்வது அதன் அமில, கார நிலையை. இதை அளக்கும் முறையை 1909-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு வேதியியலாளர் சோரன்சன் வகுத்தார். அவர் கோப்பன்ஹேகன் நகரில், கார்ல்ஸ்பர்க் மதுபான ஆலையைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அவர் தந்த அளவே பி.எச். என்பது. 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்கும். ரொட்டிச் சோடா கரைத்த நீர் 8-க்குச் சற்று மேலே இருக்கும். இந்த அளவில் ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. அதாவது 5 என்னும் நீர், 6 என்னும் நீரைவிடப் பத்து மடங்கும், 7 என்னும் நீரைவிட நூறு மடங்கும் அமிலமானது. ஆகவே ஒரு படி வேறுபாடுதானே என்று இருந்துவிடக் கூடாது.

தென்னை நார்த்தூளில் வளரும் செடிக்கு 5.5 முதல் 6.5 வரை ஏற்றது. மண்ணில் வளரும் பெரும்பாலான காய்கறிகளுக்கு 6 முதல் 7 வரை ஏற்றது. இதற்கு மேலே ஏறினால் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம் முதலிய சத்துகள் கரையாத பொருளாக மாறிவிடுகின்றன. களஞ்சியத்தில் நெல் நிறைந்திருந்தும் கதவு பூட்டிக் கிடப்பது போன்ற நிலை இது. இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தெரிந்தால் இரும்புச் சத்து எட்டவில்லை என்று ஐயுறலாம். நம் நாட்டு மண்ணில் எதிர்மாறான தொல்லையே மிகுதி. மழையால் சத்துகள் கழுவிச் செல்லப்பட்ட மலேசிய மண் பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடைப்பட்ட அமில மண். அதில் அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும், மணிச்சத்தும் கட்டுண்டுவிடும். இதனால்தான் மண்ணில் பயிரிடுவோர் டோலமைட் சுண்ணாம்பு இடுகின்றனர்.

இனி, செடியைக் கழுவுதல் என்பதைப் பார்ப்போம். கரையும் உரங்கள் யாவும் உப்புகளே. செடி நீரைக் குடிக்கிறது, வெயிலும் நீரை உறிஞ்சுகிறது. செடி எடுக்காத உப்பு பையிலேயே தங்கிவிடுகிறது. நாளடைவில் பையின் ஓரத்தில் வெள்ளைப் படிவு தோன்றும். உப்பு மிகுந்த இடத்தில் வேரால் நீரை இழுக்க முடியாது. ஈரம் இருந்தும் செடி வாடும், இலை ஓரம் கருகும். அப்போது செய்ய வேண்டியது கழுவுதல்.

முதலில் சிறிது நீர் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். படிந்த உப்பு கரையும். பிறகு பையின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு நீரை மெதுவாக ஊற்றுங்கள். 10 லிட்டர் பைக்கு 20 லிட்டர் நீர் என்று கொள்ளலாம். நீர் அடித்துளை வழியே முழுவதும் வடிய வேண்டும். வடிந்த நீரைத் தட்டில் தேங்க விட்டால், கழுவிய உப்பையே செடி மீண்டும் குடிக்கும். தொடர்ந்து வளர வேண்டிய செடியாயின், கழுவி முடித்தபின் பாதி வலுவுள்ள உரநீர் கொடுத்து வர வேண்டும்.

கழுவும் நீர் எத்தகையதாக இருக்க வேண்டும்? மழைநீர் மிக நல்லது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைவதால் தூய மழைநீரும் ஏறத்தாழ 5.6 என்னும் அளவில் இருக்கும். அதில் உப்பும் மிகக் குறைவு. ஆனால் மழைநீர்த் தொட்டியை மூடி வைக்க மறவாதீர்கள். டெங்கிக் கொசு அங்கேதான் முட்டையிடும். குழாய் நீரையும் பயன்படுத்தலாம். அதன் பி.எச். 7-க்கு மேல் இருந்தாலும், கரைந்துள்ள பைகார்பனேட் குறைவாயிருந்தால் ஒருமுறை கழுவுவதால் தீங்கில்லை. கேத்தலில் வெள்ளைப் படிவு விடும் கிணற்று நீரே கவனத்துக்குரியது. அதில் பைகார்பனேட் மிகுதி. நாள்தோறும் அதை ஊற்றினால் பையின் பி.எச். மெல்ல மெல்ல ஏறிவிடும்.

அறுவடைக்கு முன் வெறும் நீரால் கழுவினால் செடிக்குள் இருக்கும் உரமும் வெளியேறிவிடும் என்று பலர் நம்புகின்றனர். இது சரியன்று. நீர் கழுவுவது வேரைச் சுற்றியுள்ள உப்பை மட்டுமே. இலைக்குள் சென்ற தழைச்சத்து நீரோடு திரும்பி வராது. எனினும் கீரை வளர்ப்போர் இதிலிருந்து ஒரு பயன் பெறலாம். முளைக்கீரை போன்றவை நைட்ரேட்டை இலையில் சேர்த்து வைக்கும். அறுவடைக்குச் சில நாட்கள் முன்னரே பையிலுள்ள உரத்தைக் கழுவிவிட்டு, தழைச்சத்து கொடுப்பதை நிறுத்தினால், புதிய நைட்ரேட் உள்ளே வராது. சேர்ந்திருப்பதைச் செடி வெயிலின் துணையால் புரதமாக மாற்றிக்கொள்ளும். வெயில் கண்ட நாளின் பிற்பகலில் பறித்த கீரையில் நைட்ரேட் குறைந்திருப்பதும் இதனால்தான். கைக்குழந்தைகளுக்கு மிகுதியான நைட்ரேட் ஆகாது என்பதால் ஐரோப்பிய நாடுகள் சில கீரைகளுக்கு உச்ச வரம்பே விதித்துள்ளன. மிளகாயோ மாதக்கணக்கில் காய்ப்பது. அதற்கு ஒவ்வொரு பறிப்புக்கும் முன் உரத்தை நிறுத்தினால் விளைச்சல்தான் குறையும்.

பி.எச். அளவைச் சோதிப்பது எப்படி? சங்குப்பூவை வெந்நீரில் ஊற வைத்தால் நீலச்சாறு கிடைக்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும். ரொட்டிச் சோடா இட்டால் பச்சை கலக்கும். பிள்ளைகளுக்குக் காட்டி விளக்க இது அருமையான சோதனை. ஆனால் 5.5-க்கும் 6.5-க்கும் உள்ள வேறுபாட்டை இது காட்டாது. அதற்குச் சோதனைத் தாளோ கருவியோ வேண்டும். கருவியை அவ்வப்போது சரிபார்ப்புத் திரவத்தில் வைத்துச் சீர்செய்தல் அவசியம். உரத்தைக் கரைத்த பிறகே அளவெடுங்கள். உரமே நீரின் பி.எச். அளவை மாற்றும். ஊற்றும் நீரையும் வடியும் நீரையும் அளந்து ஒப்பிட்டால் பைக்குள் நடப்பது விளங்கும். 6-இல் ஊற்றி 7-இல் வடிந்தால் காரம் சேர்கிறது. 6-இல் ஊற்றி 5-இல் வடிந்தால் அமிலம் கூடுகிறது. அமோனியம் மிகுந்த உரம் இதற்கு ஒரு காரணம்.

அளவு கூடுதலாயிருந்தால், உர விற்பனையாளரிடம் கிடைக்கும் பி.எச். குறைப்பானைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளந்து பார்க்கவும். எலுமிச்சைச் சாறு அவசரத்துக்கு உதவும். நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடுவதால் பயன் நிலைக்காது. கார் மின்கல அமிலத்தை ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும், அது நம் உணவில் சேரும். எந்த அமிலமாயினும் நீரில் அமிலத்தை விட வேண்டுமே தவிர, அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். ஏ, பி உரங்களின் அடர்கரைசல்களையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து சல்பேட்டோடும் பாஸ்பேட்டோடும் சேர்ந்து மாவு போல் அடியில் படிந்து வீணாகும்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை தளிர் மஞ்சளாகக் கண்டால், உர மூட்டையைத் திறக்குமுன் பையின் ஓரத்தைப் பாருங்கள். வடியும் நீரைச் சோதித்துப் பாருங்கள். ஒரு சோதனைத் தாளின் விலை, ஒரு மூட்டை உரத்தின் விலையோடு ஒப்பிட மிகச் சிறிது.