முசிறியும் இரு கிரேக்க எச்சவினைகளும்

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் காவிரியின் வடகரையில், குளித்தலைக்கு எதிரே, முசிறி என்னும் ஊர் உளது. சேரர் துறைமுகமாகிய முசிறியும் ஆற்றங்கரையதே என, கி.பி. முதல் நூற்றாண்டில் பெயரறியப்படாத ஒருவர் கிரேக்க மொழியில் யாத்த எரித்திரையக் கடற்பயண நூல் கூறும். கரூரே சேரர் வஞ்சி எனக் கொண்ட அறிஞரும் உளர். ஆதலின், பெயரும் ஆறும் ஒத்தல் பற்றிக் காவிரிக்கரை முசிறியே அத்துறைமுகம் எனக் கருதுவார்க்கு இடனுண்டு. அவ்வையத்தைக் களைய அந்நூலின் இரு வினைவடிவங்கள் துணைபுரிகின்றன. அவற்றை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது ‘அக்மாசூசா’. இதற்கு அடியாகிய ‘அக்மே’ என்னும் பெயர் கூர்முனை, உச்சம், முழுப்பருவம் எனப் பொருள்படும். எனவே, வளத்தின் உச்சத்தில் நிற்றலை இவ்வடிவம் உணர்த்தும். இரண்டாவது ‘அப்பெக்கூசா’, இது தொலைவில் அமைந்திருத்தலை உணர்த்தும்.

இவை நிகழ்கால எச்சவினைகள். தமிழ்ப் பெயரெச்சம் காலம் காட்டும்; பால், எண், வேற்றுமை காட்டாது. கிரேக்க எச்சமோ தான் தழுவும் பெயரோடு இம்மூன்றினும் ஒத்து வரும். இவ்வகையில் அது நம் வினையாலணையும் பெயரை ஓரளவு ஒக்கும். ‘ஊசா’ என்னும் ஈறு பெண்பால் ஒருமை எழுவாய்க்கு உரியது. ‘மூசிரிஸ்’ என்னும் ஊர்ப்பெயர் பெண்பால். ஆற்றைக் குறிக்கும் சொல்லோ ஆண்பால், ஆண்டு இரண்டாம் வேற்றுமையில் நிற்பது. தொலைவு ஆற்றிற்கு உரியதாயின் ‘அப்பெக்கொந்தா’ என நின்றிருத்தல் வேண்டும். ஆகவே, தொலைவு ஊருக்கே உரியது என்பது தெளிவு.

அத்தொலைவு யாது? தொண்டியிலிருந்து ஆறும் கடலும் வழியாக 500 ஸ்தாதியம். அடுத்த அளவு 20 ஸ்தாதியம். அஃதாவது 4 கிலோமீட்டருக்கும் குறைவு. அவ்விடத்து ஒரு சொல் விடுபட்டுளது. கடற்கரை என்றோ ஆற்றுமுகம் என்றோ பதிப்பாசிரியர் அதனை நிரப்புவர். எவ்வாறு கொள்ளினும், கடலினின்றும் நெடுந்தொலைவு உள்நாட்டில் உள்ள காவிரிக்கரை ஊருக்கு அவ்வளவு பொருந்தாது.

காலமும் நோக்கற்பாலது. கிரேக்க நிகழ்கால எச்சம் முற்றுவினையோடு உடனிகழ்தலைக் காட்டும். ஆண்டு வரும் முற்றும் நிகழ்காலத்தது. ஆதலின், ஆசிரியர் கூறுவது பழம்பெருமை அன்று. தம் காலத்துக் கலங்களால் விளைந்த வளமே ஆகும். அகநானூற்று 149ஆம் பாட்டும் யவனர் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீளுதலைச் சேரர் பேரியாற்றின்கண் காட்டுகின்றது. கொடுங்கோளூரை அடுத்த பட்டணத்தில் 2007 முதல் நிகழ்ந்த அகழாய்வில் கிடைத்த மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடி ஓடுகளும் மேலைக்கரையையே சுட்டும்.

பெயரொற்றுமை ஒன்றே இடத்தைத் துணிதற்குப் போதாது. சொல்லின் ஈறும் சான்றாம் என்க.