மௌத்தான பிறகும் கணக்குக்கு வந்த காசு: அஸ்வெசும மிகைக் கொடுப்பனவு வந்தால் என்ன செய்வது?

சென்ற மாதம் இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு ராத்தா பள்ளிவாசல் கேற்றுக்கு வெளியே மகனுடன் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் வங்கிப் புத்தகம், ஒரு கடிதம், அவருடைய வாப்பாவின் மரண அத்தாட்சிப் பத்திரம். "தம்பி, இத ஒருக்கா வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்க. எங்கள பொலிஸுல புடிப்பாங்களோ?" என்று கேட்டார்.

அவருடைய வாப்பா ஆயுள் முழுக்க வாவியில் வீச்சு வலை வீசிப் பிழைத்தவர். எழுபது வயதைத் தாண்டிய பின்னர் முதியோர் கொடுப்பனவாக மாதம் 5,000 ரூபா கிடைத்து வந்தது. அவர் வபாத்தாகி ஜனாஸா அடக்கம் முடிந்த பின்னரும் நான்கு மாதங்கள் அந்தக் காசு கணக்குக்கு வந்திருக்கிறது. ஏ.டி.எம். அட்டை மகளின் கையில் இருந்தது. வாப்பாவின் காசுதானே என்று எடுத்து, கடைக்கடனும் மருந்துக்கடனும் அடைத்துவிட்டார். இப்போது 20,000 ரூபாவைத் திருப்பிச் செலுத்தும்படி கடிதம் வந்திருக்கிறது.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று வாவியைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் இப்படிப்பட்ட கடிதத்தைக் கண்டதும் இரண்டில் ஒன்று நடக்கிறது. பயந்துபோய்க் கடிதத்தை அலுமாரிக்குள் ஒளித்து வைப்பார்கள், அல்லது யாராவது ஒருவரிடம் காசைக் கொடுத்து "பாத்து முடிச்சுத் தாங்க" என்பார்கள். இரண்டுமே பிழையான வழி.

முதலில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். வெளிநாடுகளில் இருப்பதுபோல வேலை இழந்தவருக்கு மாதாமாதம் கொடுக்கும் காப்புறுதி எங்கள் நாட்டில் இல்லை. 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதியும், 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியும் சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கானவை. மீன்பிடிக்கும், கூலி வேலைக்கும், பெட்டிக் கடைக்கும் அவை எட்டாது. ஆகவே வருமானம் நின்றுபோன ஒரு குடும்பத்துக்கு அரசிடமிருந்து வரக்கூடியது பெரும்பாலும் அஸ்வெசும ஒன்றுதான். 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 யூலையில் அது ஆரம்பமானது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு தலைப்புகளில் 22 குறிகாட்டிகளை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபா, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. இந்தக் காசில் உலை வைக்கும் வீட்டிடம் போய் "20,000 கொண்டுவா" என்றால் அது இரண்டு மாதச் சாப்பாடு.

அப்படியென்றால் கொடுக்க வேண்டியதில்லையா? கொடுக்கத்தான் வேண்டும். உரித்தில்லாத பணம் தவறுதலாக ஒருவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால் கொடுத்தவர் அதைத் திருப்பிக் கேட்கலாம் என்பது எங்கள் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. எங்கள் மார்க்கமும் அதையேதான் சொல்கிறது. பிறர் பொருளை அநியாயமாக உண்ண வேண்டாம் என்ற சூரா பகராவின் 188 ஆவது வசனத்தை ஓதாதவர் எங்களில் யார்?

ராத்தா விட்ட பிழை ஒரு சிறிய விளக்கக் குறைவு. வாப்பா உயிரோடு இருந்தபோது கணக்கில் சேர்ந்த காசு அவருடைய சொத்து. அவர் மௌத்தான பின் அது மீராஸ். கடனும் வஸிய்யத்தும் தீர்ந்த பிறகு வாரிசுகளுக்குப் பங்காகும். ஆனால் மௌத்துக்குப் பின் வந்த நான்கு மாதக் காசு வாப்பாவுடையதே அல்ல. கொடுப்பனவு ஆளுக்குரியது. ஆள் இல்லாத மாதத்துக்கு உரித்தும் இல்லை. அது வாரிசுகளின் கையில் இருந்த அமானிதம். இதைச் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். "வாப்பாட கபுறுல கடன் ஏத்திட்டனா தம்பி?" என்று கேட்டார். இல்லை. அது வாப்பாவின் கடனல்ல, எடுத்தவரின் பொறுப்பு. அந்த வேறுபாடு அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை முகத்தில் கண்டேன்.

மரணத்தைப் பதிவாளரிடம் பதிந்தால் எல்லா அலுவலகத்துக்கும் அது தானாகப் போய்விடும் என்று நாங்கள் நினைக்கிறோம். போவதில்லை. கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்தின் நலன்புரிப் பிரிவுக்கும் குடும்பத்தவர்தான் எழுத்தில் அறிவிக்க வேண்டும். மகன் கட்டாருக்குப் போனாலும், மகள் கலியாணம் முடித்துத் தனிக் குடித்தனம் போனாலும், வீட்டில் ஒருவருக்கு நிரந்தரத் தொழில் கிடைத்தாலும் இதே கதைதான். படிவம் நிரப்பிய நாளில் வீடு இருந்த நிலை வேறு, இன்றைய நிலை வேறு.

தெரிந்தே பொய் எழுதியவர்களின் கதை தனி. மாடி வீட்டில் இருந்துகொண்டு மதினியின் ஓலைக் குடிசையைக் காட்டி விண்ணப்பம் போட்டவர்கள் எங்கள் ஊரில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வரும் கடிதத்துக்கு நான் மனு எழுதிக் கொடுப்பதில்லை.

ஆனால் கடிதம் வந்துவிட்டது என்பதற்காகக் கடன் உண்மையாகிவிடாது. அவுஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். வேலையில்லாதோர் கொடுப்பனவு உள்ளிட்ட உதவிகளைப் பெற்றவர்களிடம் மிகைப் பணத்தை அறவிட 2016 முதல் கணினி முறையொன்றை முழு அளவில் ஓடவிட்டார்கள். 'ரோபோடெட்' என்று பெயர் பெற்றது. ஒருவரின் வருட வருமானத்தை வரித் திணைக்களத்திலிருந்து எடுத்து 26 ஆல் பிரித்து, ஒவ்வொரு இரண்டு வாரமும் அதே தொகையை உழைத்தார் என்று கணக்குப் போட்டது அது. ஆறு மாதம் வேலை செய்து ஆறு மாதம் வீட்டில் இருந்தவர், வேலையில்லாத மாதங்களிலும் உழைத்ததாகிக் கடனாளியானார். அது பிழை என்று நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான். 2019 இல் அந்தக் கணக்கு சட்டவிரோதம் என்று அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அடுத்த வருடம் சுமார் 470,000 கடன்களுக்காக 721 மில்லியன் டொலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2023 யூலையில் வந்த அரச ஆணைக்குழு அறிக்கை அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்புக் கொடுப்பனவில் சிறு பிழை விட்ட பெற்றோரிடமிருந்து முழுத் தொகையையும் அறவிட்டார்கள். பாதிக்கப்பட்டோரில் மொரோக்கோ, துருக்கி வம்சாவளியினர் ஏராளம். அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அரசாங்கமே பதவி விலகியது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வாவித் தொழிலாளியின் வருமானமும் சராசரிக்குள் அடங்காது. மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரம் வெட்டினால் ஒரு கணக்கு, இறால் படும் மாதத்தில் ஒரு கணக்கு, காற்றுக் கடுமையான நாளில் வலை காயும். நல்ல மாதமொன்றில் வந்து "மாதம் எவ்வளவு உழைக்கிறீர்கள்?" என்று கேட்டு எழுதினால் அந்த வீடு வருடம் முழுக்கப் பணக்கார வீடாகிவிடும். ஆகவே வருமானம் கூடியது என்ற காரணத்தைக் காட்டிக் கடிதம் வந்தால், காசைத் தேடுவதற்கு முன் கணக்கைக் கேளுங்கள்: எந்தெந்த மாதம், எவ்வளவு தொகை, என்ன காரணம், யார் தந்த தகவல். எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பித்தால் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்திருந்தால் தமிழில் தாருங்கள் என்று கேட்பது சலுகையல்ல. வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது.

ராத்தாவின் விடயத்தில் கணக்குச் சரியாகவே இருந்தது. வங்கிப் புத்தகத்தையும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், நான்கு மாதம், நான்கு ஐயாயிரம். ஆகவே மறுத்து எழுதவில்லை. வாப்பா வபாத்தான திகதி, பணம் எடுக்கப்பட்டது அறியாமையால் என்பது, வீட்டில் எத்தனை பேர், யார் உழைப்பது, மாதச் செலவு எவ்வளவு, ஆகவே மாதம் 1,000 ரூபா வீதம் 20 தவணையில் செலுத்த அனுமதிக்க வேண்டும் என்பது. ஒரு பக்கம்தான். மரண அத்தாட்சிப் பிரதியும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் இணைத்தோம். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வரச் சொன்னேன். அந்த முத்திரைப் பிரதியைத் தொலைத்துவிட்டு அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கட்டுகின்ற ஒவ்வொரு ரூபாவுக்கும் அரசாங்கப் பற்றுச்சீட்டு வேண்டும். எந்த உத்தியோகத்தர் கையிலும், அவரைத் தெரிந்த நானா கையிலும் காசு கொடுக்கக் கூடாது. தொலைபேசியில் அழைத்து "அஸ்வெசுமவில் இருந்து பேசுகிறோம், அட்டை இலக்கம் சொல்லுங்கள்" என்றால் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளிகளும் உண்டு. எங்கள் மஹல்லா ஸகாத் பட்டியலில் தையல் மெசின், வலை, வீட்டுக்கூரை எல்லாம் இருக்கிறது. அறியாமல் அரசுக்குக் கடன்பட்ட ஓர் ஏழையின் பெயர் ஏன் இருக்கக் கூடாது? இதைப் பள்ளிவாசல் நிர்வாகத்தில் கேட்டேன். "ஆலிம்களிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்லும் 2:280 ஆவது வசனம் அறவிடும் அலுவலகத்துக்கும் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன்.

தவணைக்கு அனுமதி கிடைத்தது. முதல் ஆயிரத்தைக் கட்டிய பற்றுச்சீட்டை ராத்தா அதே பொலித்தீன் பைக்குள் வைத்திருக்கிறார். வாப்பாவின் ஏ.டி.எம். அட்டையை வங்கியில் ஒப்படைத்துவிட்டு வந்த அன்று, "அதையும் தைரியமாக் குடுத்திட்டன் தம்பி" என்றார்.